கோடுகள் நெருங்கும் இடம்

அன்று பிற்பகல் குழந்தைவேலு தன் மனைவியின் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். தோட்டக் கூலிகளின் லயத்து வாசலில் புகைபோட்ட பழைய கித்தா ரப்பர்ப் பாளம் ஒன்று விரிந்து கிடந்தது. ராக்காயி அதன்மேல் நின்றாள். ஈர்க்குச்சியைச் சுண்ணாம்பில் தொட்டுத் தொட்டு அவன் இழுத்தான். குச்சி விரல் இடுக்கில் நுழையும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது, காலை இழுத்துக்கொண்டாள்.

"ஆடாம நில்லு புள்ள. அப்புறம் செருப்பு வாத்துக்குத் தைச்ச மாதிரி வந்துரும்."

வாசற்படியில் மரவள்ளித் தோல் உரித்துக்கொண்டிருந்தான் அவள் தம்பி வீரசாமி. தலையைத் தூக்காமலே, "வாத்து கோவிச்சுக்கும் மாமா" என்றான். ராக்காயி குனிந்து ஒரு தோலை எடுத்து அவன்மேல் எறிந்தாள். அது அவன் காதில் தொங்கிக்கொண்டு நின்றது. அவனும் அதை எடுக்காமல் கம்மல் போட்ட பெண்ணைப்போலத் தலையை ஆட்டிக் காட்டினான்.

மலாய் நாட்டுக்கு ஜப்பான்காரன் வந்து இரண்டாவது சித்திரை அது. கரங்கான் ஊரிலிருந்து மாட்டுவண்டிப் பாதையில் உள்ளே போனால், தோட்டத்தின் கடைசி டிவிஷன் கூனமலையின் அடிவாரத்தில் முடியும். மலைக்கு மலாய்க்காரர்கள் வேறு பேர் சொல்வார்கள். முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கும் ஆளைப்போல இருந்ததால் தமிழர்கள் அதைக் கூனமலை என்றார்கள். அரிசியைக் கண்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பால்மரங்களில் பாதியை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டிருந்தார்கள். துணி அறவே இல்லை. பெண்கள் சாக்கைப் பிரித்துத் தைத்துக் கட்டினார்கள். சாக்கு உரசி உரசி ராக்காயியின் இடுப்பைச் சுற்றிப் புண் ஆகியிருந்தது. பகலில் அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசமாட்டாள்.

ஒரு செருப்பை வெட்டி முடிப்பதற்குள் அப்பளசாமி வந்துவிட்டான். அடுத்த வீட்டுக்காரன். மாட்டுவண்டி ஓட்டுகிறவன். கரங்கானுக்கு மரவள்ளி ஏற்றிப்போய்த் திரும்பும்போது ஊர் வம்பு முழுவதையும் கூடவே ஏற்றிக்கொண்டு வருவான். அன்று மாட்டை அவிழ்க்காமலே நேராக உள்ளே வந்து உட்கார்ந்தான். பேசத் தொடங்கும்முன் கதவைச் சாத்தச் சொன்னான்.

மறுநாளைக்கு மறுநாள் லாரி வருகிறதாம். சயாமுக்கு ரயில் ரோடு போட இந்த டிவிஷனிலிருந்தும் ஆள் வேண்டுமாம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அழகேசன் யார் யாரென்று சொல்லிவிட்டானாம். பிள்ளைகுட்டி இல்லாதவர்கள், நடு வயதுக்காரர்கள், வாலிபர்கள். குழந்தைவேலு, வீரசாமி, அப்பளசாமி.

"எனக்குப் பொண்டாட்டியும் இல்ல, புள்ளையும் இல்ல. மாடு இருக்குன்னு சொன்னேன். மாட்டையும் கூட்டிக்கிட்டு வாடாங்கிறான்" என்றான் அப்பளசாமி.

சயாமுக்குப் போனவர்களைப் பற்றி அந்த லயத்தில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மூன்று மாதத்தில் திரும்பலாம், அரிசியும் துணியும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தவன் பிச்சை என்கிற ஒருவன்தான். அவனும் முழங்காலுக்குக் கீழே சதை அழுகி, எலும்பு வெளியே தெரிய வந்தான். புண்ணுக்கு மருந்து கட்டும் டிரசர் தர்மலிங்கம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீர் ஊற்றி அந்தக் காலைக் கழுவுவார். பிச்சையின் குரல், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களம்வரை கேட்கும். ஒருநாள் கேட்கவில்லை.

"போகப்போறது இல்ல" என்றான் குழந்தைவேலு. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான். "மலையத் தாண்டிருவோம்."

கூனமலைக்கு அந்தப் பக்கம் பேராக் மாநிலம். அடிவாரத்து மலாய்க் கிராமமான வயல்காட்டுக் கம்பம் ஒன்றில் மாட் ஈசா என்ற மாட்டு வியாபாரி இருந்தான். அப்பளசாமிக்குப் பழக்கம். நாற்று நடக் கை வேண்டும் என்று போன தடவை பார்த்தபோதே கேட்டிருந்தான். ரோட்டு வழியாகப் போனால் பாலத்துக்குப் பாலம் ஜப்பான்காரன் நிற்கிறான். மலைவழியில் யாரும் நிற்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்து ஆள் ஒருவனும் அந்த மலைமேல் ஏறியதில்லை.

குழந்தைவேலு பரணிலிருந்து சுருட்டி வைத்த மேப்பை எடுத்தான்.

வெள்ளைக்காரத் துரைமார் பினாங்குக்கு ஓடியபோது பங்களாவிலும் ஆபீஸிலும் எல்லோரும் கைக்கு அகப்பட்டதை எடுத்தார்கள். நாற்காலி, தட்டு, ஜன்னல் திரை. குழந்தைவேலு இந்த ஒன்றை மட்டும் எடுத்து வந்தான். ராக்காயி அப்போது அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். திரைத்துணி எடுத்து வந்திருந்தால் இரண்டு ரவிக்கையாவது ஆகியிருக்கும் என்பது அவள் கணக்கு. ஆபீஸ் சுவரில் தொங்கிய அந்தப் படத்தில் மலை முழுவதும் இருந்தது. அதன்மேல் அவன் வெகுநாளாகக் கண் வைத்திருந்தான்.

அவன் படி வெட்டும் கும்பலுக்குக் கங்காணி. மலைச்சரிவில் கித்தா நட வேண்டுமென்றால் சரிவைச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் படி வெட்ட வேண்டும். சின்னதுரை மட்டம் பார்க்கும் கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு கையை அசைப்பார். குழந்தைவேலு முளை அடித்துக்கொண்டே போவான். அவன் முளை அடித்த வழியே படி ஓடும். பிறகு சின்னதுரை காகிதத்தில் அதையெல்லாம் கோடாகப் போட்டு, 'இது உன் பதினோராம் படி, இது பன்னிரண்டு' என்று தொட்டுக் காட்டுவார். ஒரு கோடு ஒரு படி. படி என்றால் ஆள் நடக்கிற வழி. அவன் அறிந்த மேப் அப்படித்தான் பேசியது.

மேப்பைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் மரவள்ளிக் கிழங்கை வைத்தார்கள். நீலம் ஆறு என்று அவன் சொன்னான். பச்சை காடு. பழுப்புக் கோடுகள் மலையைச் சுற்றிச் சுற்றி ஓடின. சில இடத்தில் அகன்று, சில இடத்தில் நெருங்கி. நீலக் கோடு ஒன்று மலையின் வளைவுக்குள் ஏறும் இடத்தில் பழுப்புக் கோடுகள் பின்னிய சடையைப்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. குழந்தைவேலுவின் விரல் அங்கே போய் நின்றது.

"பாரு, இங்கன எத்தனை படி! மத்த எடமெல்லாம் ஒண்ணு ரெண்டுதான். ஓடையைப் புடிச்சு இதுவரைக்கும் ஏறிட்டா, அப்புறம் படி மேலயே நடந்து மலைய அந்தப் பக்கம் சுத்திறலாம்."

வீரசாமி சந்தேகப்பட்டான். "காட்டுக்குள்ள எவன் மாமா படி வெட்டினான்? அங்கதான் ஒரு மரமும் நடலையே."

"கித்தாவுக்கு முந்தி காப்பி போட்டாங்கடா. எங்கப்பா சொல்லுவாரு. காப்பி செத்துப்போச்சு, காடு ஏறிருச்சு. படி எங்க போகும்? மண்ணுல வெட்டினது கெடக்கும்."

அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. ராக்காயிக்கும்தான். நடக்கத் தெரிந்த நாள்முதல் படிகளில் புல் பிடுங்கியவள் அவள். கோடு என்று பார்த்ததும் அவள் காலடியிலும் படிதான் வந்து நின்றது. ஒன்று மட்டும் கேட்டாள். மழை விட்டதும் மலையின் அந்த மடிப்பில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிகிறதே, அது என்ன?

"ஓடைதான். வேறென்ன?" என்றான் அவன்.

படத்தைக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்தார்கள். மேப் வைத்திருந்தான் என்று பாலிங் பக்கத்தில் ஒரு சீனனை வேவுக்காரன் என்று பிடித்து வெட்டி, சந்தை முனையில் அவன் தலையை வைத்திருந்ததை அப்பளசாமியே பார்த்திருந்தான். குழந்தைவேலு ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினான். பிறகு சுருட்டி அவளிடம் கொடுத்து, தாங்கள் போனதும் அடுப்பில் போட்டுவிடச் சொன்னான்.

மறுநாள் வேலை மேல்காட்டு மரவள்ளியில். மத்தியானச் சோற்று நேரத்தில் மண்டோர் கீழே இறங்கினான். சோறு என்று பெயர். அவித்த கிழங்கும் உப்பும்தான். மற்ற பெண்கள் மர நிழலுக்கு ஒதுங்கினார்கள். மூன்று பேரும் புல்வெட்டப் போவதுபோல ஒவ்வொருவராகக் கடைசிப் படியைத் தாண்டினார்கள். வீரசாமி இடுப்பில் பாராங் கத்தி. அப்பளசாமியிடம் அவித்த கிழங்குப் பொட்டலம். குழந்தைவேலு கடைசியாக நின்றான். கால் நிறையப் புகையிலைச் சாறும் சுண்ணாம்பும் பூசியிருந்தான், அட்டைக்கு.

"மாட் ஈசா மூலமா சொல்லி அனுப்புறேன். எவனாச்சும் மலாய்க்காரன் வந்து மாடு விலைக்கு இருக்கான்னு கேட்டா, நாங்க சொகம்னு அர்த்தம்."

"அந்தக் கிழங்குல கொஞ்சம் கசப்பு இருக்கு. தண்ணி நெறையக் குடிங்க" என்றாள் அவள்.

அவன் தலையாட்டிவிட்டுப் பச்சைக்குள் நுழைந்தான். இலைகள் கொஞ்ச நேரம் ஆடி நின்றன. மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. பிற்பகல் முழுவதும் அது இறங்கிக்கொண்டே வந்தது. மண்டோர் ஆள் எண்ணியபோது, மூவரும் விறகுக்குப் போயிருப்பதாக அவள் சொன்னாள். அவன் அவளையே பார்த்தான். லாரி வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

விடிந்ததும் அவள் அடுப்பு மூட்டி, மேப்பை எடுத்தாள். முதல் தடவையாக அதன் முதுகைப் பார்த்தாள். வெள்ளைத் துணி. காகிதம் கிழியாமலிருக்க நல்ல கெட்டித் துணியில் ஒட்டியிருந்தார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் துணியை நெருப்பில் போட எந்தப் பெண்ணுக்கும் கை வராது. வாளியில் சாம்பல் தண்ணீர் ஊற்றி அதில் ஊறப்போட்டாள். பசை விட்டால் காகிதம் தனியே வந்துவிடும், அதை எரித்துவிடலாம், துணி மிஞ்சும்.

டிரசர் தர்மலிங்கம் காலையில் லயத்தைச் சுற்றி வருவார். ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி தீர்ந்து, வாழைப்பட்டையால் புண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார். கந்தல் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று வீட்டுக்கு வீடு கேட்பார். ராக்காயியின் வாசலில் நின்றவர் வாளியைப் பார்த்துவிட்டார். அவள் குறுக்கே வருவதற்குள் உள்ளே வந்து குந்தி உட்கார்ந்தார். ஒரு மூலையில் காகிதம் பொரிந்த அப்பளம்போல எழும்பியிருந்தது. அவர் அதைத் தொடாமல் கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க கெடச்சுது?"

"குப்பையில கெடந்துச்சுங்க ஐயா."

"குழந்தைவேலு எங்க?"

"வெறகுக்கு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ராக்காயி, வெள்ளைக்காரன் காலத்துல நான் தொண்டர் படையில இருந்தேன். இந்த மேப்புப் பாக்கத்தான் ஆறு வாரம் சொல்லிக் கொடுத்தான். அது சப்பானுக்குத் தெரிஞ்சா என் தலை கழுத்துல நிக்காது. இப்ப உங்கிட்ட சொல்லிட்டேன். நீயும் சொல்லு. எந்தப் பக்கம் போனாங்க?"

அவள் தண்ணீருக்குள் விரலை விட்டு, கோடுகள் ஒட்டிக்கிடந்த இடத்தைத் தொட்டாள்.

"இங்கனதான். படி நெறைய இருக்குன்னு சொன்னாரு."

தர்மலிங்கம் அந்த இடத்தின்மேல் குனிந்து பார்த்தார்.

"படியா?"

"தோட்டத்துப் பிளான்ல படியத்தானுங்களே கோடாப் போட்டிருக்கும்."

"ஆமா. படியும் ஒரே மட்டத்துலதான் ஓடும், இந்தக் கோடும் ஒரே மட்டத்துலதான் ஓடும். அவன் நெனச்சது தப்பு இல்ல" என்று அவர் தனக்கே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஆனா இது படி இல்லம்மா. உசரம். மலைய ஒரே உசரத்துல சுத்தி வந்தா எப்படியோ, அப்படி இழுத்த கோடு. தரையில கோடே கெடையாது. இந்தக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல நீ அம்பது அடி ஏறணும். கோடு தள்ளித் தள்ளி இருந்தா சாய்வு, மாடுகூட ஏறும். கிட்டக் கிட்ட வந்தா கஷ்டம்."

"ஒட்டிக்கிட்டு இருந்தா?"

"பாறை. சொவரு மாதிரி."

மழைக்குப் பிறகு தெரியும் வெள்ளைக் கீற்று அவளுக்கு நினைவு வந்தது. ஓடை நடக்கவில்லை, விழுகிறது. எத்தனையோ வருஷமாக அவள் கண்ணெதிரே அது விழுந்துகொண்டுதான் இருந்தது.

"ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார் அவர்.

"உங்களுக்கு இது தெரியும்னு யாருக்குங்கய்யா தெரியும்?"

அவர் விரலால் இன்னொரு இடத்தைக் காட்டினார். ஓடைக்கு வடக்கே, கோடுகள் அகன்று அகன்று நாக்கு நீட்டியதுபோல மலையிலிருந்து கீழே இறங்கின. அது மலையின் முதுகு என்றார். மேல்காட்டிலிருந்து பார்த்தால் இடிவிழுந்து கருகிய மரம் ஒன்று நிற்கிறதல்லவா, அந்த முதுகின்மேல்தான் அது. அதைப் பிடித்து ஏறினால் குழந்தைகூட அந்தப் பக்கம் போய்விடும். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காகிதம் தண்ணீரில் பிரிந்து, மலை இரண்டாகக் கிழிந்து சுருண்டது.

ராத்திரி ஓடையோரம் தங்கியிருப்பார்கள், பாறையடிக்கு இன்றைக்குப் பகலில்தான் போய்ச் சேர்வார்கள் என்று தர்மலிங்கம் கணக்குப் போட்டார். அவர் வெளியே போய், ராக்காயிக்கு வாந்திபேதி, யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று மண்டோரிடம் சொன்னார். பேதி என்ற சொல்லுக்கு ஜப்பான்காரனும் பயப்படுவான். அழகேசன் வாயைப் பொத்திக்கொண்டு விலகினான். அவள் லயத்தின் பின்பக்கமாக இறங்கி, வாய்க்காலோடு சுற்றி மேல்காட்டுக்கு ஏறினாள்.

கடைசிப் படியைத் தாண்டியதும் கால் தடுமாறியது. அதுவரை நடந்ததெல்லாம் யாரோ மட்டம் பார்த்து வெட்டிய தரை. இங்கே எதுவும் மட்டமாக இல்லை. வேரும் பாசியும் பிரம்பு முள்ளுமாக இருந்தது. மூன்று பேரும் போன வழியில் பாராங் வெட்டு வெள்ளையாகத் தெரிந்தது. இலையெல்லாம் அட்டை நிமிர்ந்து நின்று தலையை ஆட்டியது. அவள் பிடுங்கிப் போடுவதை நிறுத்திவிட்டாள். ஓடையின் சத்தம் இடதுபக்கம் கூடவே வந்தது.

கொஞ்ச தூரம் நடை எளிதாக இருந்தது. கோடு தள்ளித் தள்ளி இருக்கிற இடம் என்று நினைத்தாள். பிறகு மூச்சு வாங்கியது; கையை முழங்காலில் ஊன்றி ஏறினாள். கோடு கிட்டக் கிட்ட வருகிறது. தண்ணீரில் கரைந்த காகிதம் காலுக்கடியில் விரிந்துகொண்டே போனது. இன்னும் மேலே அவை ஒட்டிக்கொள்ளப் போகின்றன. காட்டுக்குள் வெளிச்சம் மங்கியது. குருவிச் சத்தம் நின்றுபோயிருந்ததை அவள் அப்புறம்தான் கவனித்தாள். தலைக்கு மேலே, தூரத்தில், இடி உருண்டது.

ஓடை ஒரு பெரிய கல்லைச் சுற்றி வளையும் இடத்தில் அப்பளசாமி உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தபடியே கையால் ஊன்றிக் கீழே நகர்ந்து வந்துகொண்டிருந்தான். அவனுடைய வலது கணுக்கால் மரவள்ளிக் கிழங்குபோல வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"தங்கச்சி, வண்டி மாடு ஒண்ணு நொண்டியாச்சு."

"அவங்க எங்கண்ணே?"

"மேல."

"எங்க மேல? அது படி இல்லண்ணே. டிரசர் சொல்லிட்டாரு. அது பாறை. கூப்பிடுங்க, திரும்பி வரச் சொல்லுங்க."

அப்பளசாமி அவளை ஒரு மாதிரி பார்த்தான். தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்தான்.

"படி இருந்துச்சு தங்கச்சி. நான் கண்ணால பார்த்தேன்."

அவள் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல பாறைதான் வந்துச்சு. அண்ணாந்து பார்த்தா நுனி தெரியல. தண்ணி மேலருந்து கொட்டுது. நான் சொன்னேன், கங்காணி, வந்த வழியே திரும்பிப் போயிறலாம், சயாமே தேவலன்னு. அவரு கேக்கல. இங்கதான் இருக்கணும், இங்கதான் இருக்கணும்னு பாறையத் தடவிக்கிட்டே போறாரு. போனா, மெய்யாவே இருக்கு. ஆளு நடக்கிற அகலத்துக்கு. நம்ம பதினோராம் படி மாதிரியே வளைஞ்சு போகுது. அதுக்கு மேல இன்னொண்ணு. அதுக்கு மேல இன்னொண்ணு. பாறையே அடுக்கடுக்காத்தான் நிக்குது. அவரு மொகத்தப் பாக்கணுமே. பாத்தியாடா வீரசாமின்னாரு. சின்னப் புள்ள மாதிரி."

"நீங்க போகலையா?"

"நான் அதுல ஏறுறப்பதான் காலு மடங்கிருச்சு. அவரு சொன்னாரு, நீ இங்க இருடா, நாங்க சுத்திப் போயி வழி பாத்துட்டு வந்து உன்னத் தூக்கிக்கிறோம்னு. ரெண்டு பேரும் பாறையில முதுகு ஒட்டி நடந்தாங்க. மேகம் எறங்குச்சு. வளைவு திரும்புறவரைக்கும் பேச்சுக் கேட்டுச்சு. உந்தம்பி ஏதோ சொன்னான், அவரு சிரிச்சாரு."

"அப்புறம்?"

அப்பளசாமி ஓடையைப் பார்த்தான்.

"கல்லு உருண்ட சத்தம் கேட்டுச்சு. சின்னக் கல்லுதான். மொதல்ல சின்னக் கல்லு. நான் கூப்பிட்டேன். தண்ணி எரைச்சல்ல கேக்கலையோன்னு மறுபடி கூப்பிட்டேன். அந்தப் பக்கம் போயிருக்கலாம் தங்கச்சி. படி அந்தப் பக்கம் போயிருக்கலாம். நான் பாக்கல. நான் பாக்காதத எப்படிச் சொல்லுவேன்?"

அவள் எழுந்து மேலே ஏறினாள். அவன் வேண்டாம் என்றான். மேலே மழை பிடித்துவிட்டது, ஓடை எந்த நேரமும் பொங்கும் என்றான். அவள் திரும்பவில்லை. மரங்கள் விலகிய இடத்தில் பாறை அவள் முன்னால் எழுந்தது. கறுப்பாக, நனைந்து, மேகத்துக்குள் போய் மறைந்தது. அதன் முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விளிம்புகள் ஓடின. மேல்காட்டைத் தூக்கி நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் வளைந்து போய், மெலிந்து மெலிந்து, பாறைக்குள்ளேயே முடிந்துபோனது.

"வீரசாமி" என்று கூப்பிட்டாள். அருவியின் சத்தம் அதைத் தின்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் புருஷன் பேரைச் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் 'இந்தாங்க' என்பாள். அந்தப் பாறைமுன் நின்று, வாயைக் கைகளால் குவித்துக்கொண்டு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பலமுறை கூப்பிட்டாள். மலை எந்தப் பக்கமிருந்தும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

ஓடைத் தண்ணீர் காப்பித் தூள் நிறமாக மாறி இரைச்சல் கூடியபோது அப்பளசாமி கீழிருந்து கத்தினான். அவள் இறங்கி வந்து அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கல்லைச் சுற்றி வடகரையில் ஏறியதும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தின்மேல் தண்ணீர் மரக்கட்டைகளோடு பாய்ந்தது. கருகிய மரம் நின்ற முதுகின் வழியாக அவனை நடத்தி இறக்கினாள். அந்த வழி டிரசர் சொன்னதுபோலவே இருந்தது. அகலமாக, சாய்வாக, யானைத் தடம் போட்டு.

தர்மலிங்கம் அந்த வெள்ளைத் துணியைக் கிழித்து அவன் கணுக்காலைக் கட்டினார். கட்டு காய்வதற்குள் லாரி வந்தது. ஜப்பான்காரன் மற்ற இரண்டு பேரும் எங்கே என்று மண்டோரின் கன்னத்தில் அறைந்தான். மண்டோர் எட்ட நின்றே ராக்காயியைக் காட்டினான். அவளை வெயிலில் முழங்காலிட வைத்து, தலைக்கு மேலே கட்டை ஒன்றைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். பெண்டாங் பக்கம் வயல் வேலைக்கு ஓடிவிட்டார்கள் என்று அப்பளசாமிதான் முன்வந்து சொன்னான். அவனை நொண்டிக் காலோடு லாரியில் தூக்கிப் போட்டார்கள். வண்டி கிளம்பும்போது, "மாட்டுக்குத் தண்ணி காட்டு தங்கச்சி" என்றான். அவனும் திரும்பி வரவில்லை.

மாடு விலைக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு எந்த மலாய்க்காரரும் வரவில்லை. ராக்காயி வெகுகாலம் வாசலைப் பார்த்திருந்தாள். படி அந்தப் பக்கம் போயிருக்கலாம் என்று அப்பளசாமி சொன்ன ஒரு வாக்கியம் அவளை இருக்கவும் விடவில்லை, அழவும் விடவில்லை. தாலியை அவள் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

சண்டை ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் கரங்கானுக்கு வந்து, மலையைச் சுற்றிக்கொண்டு பேராக் பக்கம் போனாள். மாட் ஈசா உயிரோடு இருந்தார். வயதாகியிருந்தது. அவர் அவளை உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, அவள் அரைகுறை மலாயில் கேட்டதை முழுவதும் கேட்டார். அந்தப் பாறைப் பக்கமிருந்து மனிதர் யாரும் தன் கம்பத்துக்கு இறங்கியதில்லை என்றார். யானையே அதைச் சுற்றிக்கொண்டுதான் வரும் என்றார். அவள் இளநீரைக் குடித்து முடித்து, கும்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அன்று சாயங்காலம் வாய்க்காலில் தலை முழுகினாள். தாலிக் கயிற்றைக் கழற்றி ஓடும் தண்ணீரில் விட்டாள். டிரசர் தர்மலிங்கம் அதைப் பார்த்து ஆஸ்பத்திரி வாசலில் எழுந்து நின்றார், கிட்டே வரவில்லை.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து மரவள்ளியைப் பிடுங்கிவிட்டு மறுபடி கித்தா நட்டார்கள். எஞ்சி நின்ற பழைய மரங்களில் பால் வெட்டு தொடங்கியது. ராக்காயிக்குப் பால் வெட்ட மலையடி மர வரிசை, மலையடி நிரை கிடைத்தது. வேறு நிரைக்கு மாற்றிக் கொடுக்கிறேன் என்று கணக்கெழுதும் புதுக் கிராணி சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள். மற்ற டிவிஷன்களில் வெயில் ஏறியதும் பால் நின்றுபோகும். இங்கே கூனமலை கிழக்கை மறைத்துக்கொண்டு நிற்பதால் வெயில் தாமதமாகத்தான் வரும். அங்கெல்லாம் ஆட்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகும், மலையடி மரங்களில் பால் சொட்டிக்கொண்டிருக்கும்.